வக்கீல் சாப்பிடவில்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், கால்வலி அவரவர் பங்குக்கு இருக்கிறது, அதைச் சேர்க்காமல் நலம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்றே நம்பிக்கொள்கிறேன். போனில் நீ முயல்களைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் மூன்றும் ஜோராக இருக்கின்றன என்றேன் அல்லவா, அது பொய். சீமாட்டி வயிறு உப்பிச் செத்துப்போனாள். அந்த வாரமே குண்டுவும் போய்விட்டான், அவனுக்கு வயதாகிவிட்டது, தூக்கத்திலேயே போனான். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்குத் தாங்காது, அதனால்தான் எழுதுகிறேன். இப்போது மிச்சமிருப்பது வக்கீல் மட்டும். கறுப்பு உடம்பும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக இருக்கிறானென்று நீதானே அவனுக்கு அந்தப் பெயர் வைத்தாய், இப்போது வாதாட ஆளில்லாமல் மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

அவன் புல்லைத் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. முயல் ஒருநாள் பட்டினி கிடந்தாலே குடல் நின்றுவிடுமாம், தூக்கிப் போய்க் காட்டியபோது கால்நடை டாக்டரம்மா சொன்னார். ஊசி கழற்றிய சிரிஞ்சில் கூழைக் கரைத்து வாயோரம் விட்டோம், பாதி என் புடவைக்குத்தான் போனது. டாக்டரம்மா என்னிடம் மெதுவாக, கூண்டை என்ன பண்ணீங்க என்று கேட்டார். என்ன பண்ணுவேன், நான் ஆஸ்பத்திரியில் வார்டு சுத்தம் பார்க்கிறவள், கட்டில் காலியானால் அடுத்த ஆள் வருவதற்குள் கழுவியாக வேண்டும், இத்தனை வருஷமாக அதுதானே என் பிழைப்பு. குண்டு போன அன்றைக்கே கூண்டை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, ஃபினாயில் போட்டு, சாக்கு, துணி எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டேன். டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். கூட இருந்ததுங்க செத்துப்போச்சுன்னு அதுக்குப் புரியணும்மா, கொஞ்ச நேரம் பக்கத்துல விட்டிருக்கணும், வாசனையாவது மிச்சம் வெச்சிருக்கணும், இப்ப அது எங்கே போனாங்கன்னு தேடிக்கிட்டு இருக்கு என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கந்தலை எடுத்து வந்தார். மூன்றும் படுத்துப் புரண்ட பழைய போர்வைத் துண்டு அது, வண்டி துடைக்கலாமென்று எப்போதோ எடுத்துப் போனவர் துடைக்கவே இல்லை. நீ பாத்தா கத்துவேன்னு ஒளிச்சு வெச்சேன் என்றார். அவருடைய சோம்பேறித்தனம் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஜீவனுக்கு உதவியது. வக்கீல் அதை முகர்ந்தான், பல்லால் இழுத்தான், தாடையைத் தேய்த்தான், பிறகு அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தான். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் உன் அப்பா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கொத்துமல்லித் தழையை மென்றுகொண்டிருக்கிறார், பக்கத்துல யாராவது தின்னாத்தான் அதுவும் தின்னுமாம், என் தலையெழுத்து என்றார். வக்கீல் ஒரு காம்பை இழுத்து மென்றான். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இப்போதெல்லாம் நாங்கள் மாறி மாறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். உட்காருவது சுலபம், எழுந்திருக்கத்தான் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் தேறியதும் ஜோடி ஒன்று சேர்த்துவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. எனக்கு அலுப்பாக இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று மிஞ்சும், மிஞ்சியதை யார் தேற்றுவது. ஆனாலும் அவன் விலா எலும்பு கையில் தட்டும்போது சரி வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. நீயும் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு, அறையில் கூட இருந்த பையன்கள் காலி செய்துவிட்டார்கள் என்றாயே, நின்றுகொண்டே தின்றுவிட்டுப் படுக்காதே, வேலையிடத்தில் யாராவது ஒருவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு.

ஒரு விஷயம், மறக்காதே. அந்தக் கந்தலில் வாசனை போய்க்கொண்டே இருக்கிறது. பழகிய மனிதர் வாசனையும் அவனுக்குத் தைரியம் தரும் என்கிறார் டாக்டரம்மா, அவன் உன் வயிற்றின் மேல்தானே தூங்குவான். நீ ஊருக்குப் போன மறுநாளே உன் அறையையும் நான் கழுவித் துடைத்துவிட்டேன், உன் துணி எல்லாம் சோப்பு வாசனைதான் அடிக்கிறது. அதனால் நீ உடுத்திக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல், அப்படியே பொட்டலம் கட்டி அனுப்பு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை. முயலுக்காகத்தான் சட்டை கேட்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா