தராசுக்கு மேலே ஒரு கை

சென்னை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்தைக்கு, மருமக சுடலைச்செல்வி கும்பிட்டு எழுதுதேன். முழங்கால் வலி தேவலையா? மழைக்கு முன்னாடி நெத்திலியை உள்ள எடுத்து வச்சிட்டியளா? நான் சுகமா இருக்கேன்.

தொழில் தொடங்குற பெண்களுக்கான இந்தப் பயிற்சியில, நேத்து எங்க சரக்கையெல்லாம் பார்த்தாவ. நம்ம கருவாட்டுப் பாக்கெட்டை ஒரு சார் நிறுத்துட்டு, "போட்டிருக்கிற எடையைவிடக் கூட இருக்கே, தராசு சரியில்லையா?"ன்னார்.

"தராசு சரிதான் சார். நிறுத்த பிறகு எங்க அத்தை ஒரு கை கொசுறு போடுவாவ"ன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாவ. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன், வருத்தப்படாதிய.

அவர் விடல. "கொசுறை விட்டுடுங்க, மீன் உலர்த்துற மிஷினுக்கு உதவி பண்றோம்"ன்னார். மிஷின் வந்தா மழைக்காலத்துலயும் நம்ம தெருப் பொம்பளைகளுக்கு வேலை இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்லிட்டேன்: "தராசு முள் நேரா நின்னதும் கையை எடுத்துட்டா, மறுவாரம் விக்கப் போனா எங்களுக்கு ஒரு வீட்டுலயும் கதவு திறக்காது சார். விளம்பரத்துக்கு நீங்க செலவு பண்ணுதிய. எங்களுக்கு அந்த ஒரு கைதான் விளம்பரம்."

என்னை யோசிச்சிட்டு அடுத்த மாசம் திரும்பவும் வரச் சொல்லியிருக்காவ. நான் மாத்தப் போறதில்ல.

ஹாஸ்டல் குழம்புல புளியே இல்ல. இங்கன என்னை 'ஏளா'ன்னு கூப்பிடவும் ஆள் இல்ல. உங்க மகன்கிட்ட சொல்லி பஸ்ஸுல கொஞ்சம் நெத்திலி போட்டுவிடுங்க, அடுத்த மாசம் அந்த சார் முன்னால வைக்கணும். நீங்களே அள்ளிப் போட்டுக் கட்டுங்க அத்தை. நான் எத்தனை தடவை அள்ளினாலும் உங்க கையளவு வரமாட்டேங்கு.

வகுப்புக்குக் கூப்பிடுதாவ, ஓடுதேன்.

செல்வி