மாமா வாசித்துக் காட்டிய உன் கட்டுரை

தென்காசி
ஆனி மாதம், ஞாயிறு

அன்பு மகள் வித்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அந்த நார்வே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கக் குற்றாலநாதரைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், "இதில் என்னை இழுக்காதே அம்மா" என்று ஒரு வரி அனுப்பியதோடு சரி. தபாலில் போட்டால் வந்து சேர நாளாகும் என்று இதைப் படம் பிடித்துப் போனிலேயே அனுப்புகிறேன், கோபப்படாமல் முழுவதும் படி.

உன் முத்துக்குமாரசாமி மாமா இலத்தூர் வயலை விற்றுவிட்டு, பழைய குற்றாலம் போகிற வழியில் ஓடைக்கரையில் லாட்ஜ் கட்ட இடம் வாங்கியது உனக்குத் தெரியும். இப்போது கரையோரம் பெரிய சுவர் எழுப்பப் போகிறான். சுவர் வந்தால் வெள்ளம் எதிர்க்கரைக்குத்தான் திரும்பும் என்று அங்கே ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிற ஜாஹிரா பீவியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மனுக் கொடுத்தார்கள். அதை விசாரிக்க அதிகாரி ஒருவர் போன வாரம் கூட்டம் போட்டார், மாமா என்னையும் காரில் கூட்டிப்போனான். அங்கேதான் உன் கட்டுரையைத் தூக்கிக் காட்டினான். "எம் மருமவ எழுதுனது, ஒலகம் பூரா ஆயிரம் விஞ்ஞானிக இத மேற்கோள் காட்டியிருக்காங்க. நம்ம மலையில மழ வருசா வருசம் கொறையுதுன்னு எழுதியிருக்கா. அப்புறம் எந்த வெள்ளத்துக்குப் பயப்படுதிய?" என்றான். கைதட்டினார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது ஜாஹிரா பீவி என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, உங்க மவளா சொல்லுதா? இனிமே எங்க பக்கம் தண்ணி வராதாம்மா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை வித்யா, நம்பிக் கேட்டாள்.

மாமா கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன், அத்தனை வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்தினவளுக்கு அதுகூடப் புரியாதா. அவன் வாசித்த வரிக்கு அடுத்த வரியே "ஆனால்" என்று தொடங்குகிறது. மொத்த மழை குறைந்தாலும், கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்க்கிற மழை கூடிக்கொண்டே வருகிறது, மலையோர ஓடைகளில் திடீர் வெள்ளம் அதிகமாகும் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். எழுந்து நின்று அதைத் தமிழில் சொன்னேன். நீங்கள் யாரம்மா என்று அதிகாரி கேட்டார். எழுதியவளின் அம்மா என்றேன், எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுதியவரே என்ன சொல்கிறார் என்று எழுதி அனுப்பட்டும், வருகிற வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறோம் என்றார். மாமா என்னை ஏற்றாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான், நான் பஸ் பிடித்து வீடு வந்தேன்.

அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "கூடப் பொறந்தவன நாலு பேரு முன்னால இப்படிப் பண்ணிட்டியே" என்று ஒரே புலம்பல், பிரஷர் மாத்திரையையும் நான் நின்று கொடுத்தால்தான் விழுங்குகிறார். யாரோ ஒருவன் போன் பண்ணி, டீச்சரம்மா வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும் என்று சொல்லி வைத்துவிட்டான். மாமா ஏவிய ஆளாக இருக்காது, ஆனாலும் பகலிலேயே கதவைத் தாழ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

நேற்று மாமாவே வந்தான். காப்பியைத் தொடவில்லை. "நான் பொய்யா சொன்னேன் அக்கா? அவ எழுதுனதத்தான வாசிச்சேன்" என்றான். இடம் முடித்துக் கொடுத்த புரோக்கர்தான் வயலை விற்கும் முன்பே அந்த ஒரு வரிக்கு மட்டும் கோடு போட்டு, இனி ஓடையில் வெள்ளமே வராது என்று அர்த்தம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அடுத்த வரியை மெதுவாகச் சொல்லு என்று கேட்டான். சொன்னேன். "இத மொதல்லயே யாராவது தமிழ்ல சொல்லியிருந்தா நான் வயல வித்திருக்க மாட்டேனே" என்றான். எழுந்து போகும்போது, "அவ வாயால சொல்லட்டும். சொல்லிட்டான்னா சொவரு கட்டல" என்றான். அந்தப் பேச்சிலும் நாளை நிற்பானோ மாட்டானோ, புரோக்கர் விட மாட்டான்.

கட்டுரை வெளிவந்தபின் அது எல்லாருக்கும் பொது, தப்பாகச் சொல்லுகிற ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்று நீ முன்பு சொன்னாய். பதவி உயர்வு நேரத்தில் வம்பு வேண்டாம் என்று நினைக்கிறாய், அதுவும் தெரிகிறது. ஒவ்வொருவருக்கும் பதில் வேண்டாம் தாயி. ஆயிரம் பேர் உன்னைப் படித்தார்கள் என்கிறாயே, அவர்களில் ஒருவர்கூட அந்த ஓடைக்கரையில் வீடு கட்டவில்லை, வயலும் விற்கவில்லை. அதிகாரிக்குத் தமிழிலேயே எழுது. அதற்கு முன்னால் மாமாவுக்குப் போன் பண்ணு, அவன் குறுக்கே எது கேட்டாலும் அந்த முதல் வரியோடு நிறுத்தாமல் கடைசிவரை சொல்லு. இப்போது மலை தெரியாமல் மேகம் இறங்கிக் கிடக்கிறது, அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

நீயும் மாப்பிள்ளையும் நிறைந்த ஆயுசோடும் மனநிம்மதியோடும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
இராமலட்சுமி