குதிரை இல்லாத சின்னப்பர்

8-1-2004, வியாழன்

பனி. முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

பூசை முடிந்து பங்குச் சாமியார் கூப்பிட்டார். 25ஆம் தேதி திருவிழாவுக்குள் கோயில் தெற்குச் சுவர்ப் படத்துக்குப் புது வண்ணம். மழையில் உரிந்து கிடக்கிறது. விழுப்புரத்திலிருந்து போர்டு எழுதும் ஏழுமலை வருகிறான். "நீங்க ரிட்டயர் ஆனவரு, கூட இருந்து பாத்துக்குங்க." சரி என்றேன். உடனே.

படம்: புனித சின்னப்பர் கிறிஸ்தவர்களைப் பிடிக்கத் தமஸ்கு நகரத்துக்குப் போகும் வழியில், வானத்து ஒளி பட்டு, குதிரையிலிருந்து விழுகிறார்.

வேதாகமத்தில் இது மூன்று இடத்தில் வருகிறது. மூன்றிலும் விழுகிறார். மூன்றிலும் குதிரை இல்லை. ரயில்வே கேட்டில் முப்பது வருடம், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே நானாகப் படித்தது.

9-1, வெள்ளி

தைலம் வாங்கவில்லை.

ஆகஸ்டு, மாதா திருவிழா, விவிலிய வினாடி வினா. எழுதி வைக்கிறேன், வயிறு இன்னும் எரிகிறது. மைக்கில் செ. (பங்குப் பேரவைச் செயலாளர், பழைய ஹெட்மாஸ்டர். முழுப் பேரும் எழுதக் கை வரவில்லை). கேள்வி: சின்னப்பர் எதிலிருந்து விழுந்தார்? நான்: "குதிரைன்னு வேதத்துல எழுதல சார்." செ. சுவரைக் காட்டினார். "எம்மாம் பெரிய குதிரை, கண்ணு தெரியலயா? கேட்ட மூடித் தொறந்தவருக்கு வேதம் தொறக்குமா?" கோயில் முழுக்கச் சிரிப்பு. மறு வாரம் பூசையில் வாசகம் வாசிப்பவர் பட்டியலில் என் பேர் இல்லை. ஐந்து மாதம்.

செ. பொங்கலுக்கு மகள் வீடு, பொம்மையார்பாளையம். 24ஆம் தேதிதான் திரும்புவார். ஆண்டவர் பெரியவர்.

13-1, செவ்வாய்

ஏழுமலைக்கு டீ, இரண்டு வடை. குதிரையை எடுத்துவிடு என்றேன்.

"பெரியவரே, குதிரைய எடுத்துட்டா இவரு எதுலேர்ந்து விழறாரு?"

"ஒண்ணுத்துலேர்ந்தும் இல்லப்பா. வெளிச்சம் பட்டுது, விழுந்தாரு."

"ரோட்ல தடுக்கி விழுந்தவரு மாதிரி பூடுமே. ஒரு காலு வேற சேணத்துல மாட்டிக்கினு மேல நிக்குது. அத எங்க வெக்கிறது?"

"கீழ எறக்கு."

"ஃபாதருக்குத் தெரியுமா?"

"வேதத்துல இருக்கிறது ஃபாதருக்குத் தெரியாதா?"

பொய் இல்லை. சாயங்காலத்துக்குள் வால், பின்னங்கால்கள் போயின. மனம் குளிர்ந்தது.

15-1, வியாழன்

பொங்கல். கரும்பு சப்பென்று. வீட்டுக்காரி மேரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அடுப்படியில் ஒரே சண்டை.

"பெரியவனுக்கு வலிப்பு வந்தப்ப அந்தக் குதிர காலத் தொட்டுத்தான் வேண்டிக்கினேன். சரியாச்சா இல்லையா?"

"சின்னப்பரக் கேட்டியா, குதிரையக் கேட்டியா?"

"அவுரே கீழ வுழுந்து கெடந்தாரு. அதான் குதிரையக் கேட்டேன்."

பேச்சு நின்றது. சோறு மட்டும் வைக்கிறாள்.

19-1, திங்கள்

முடிந்தது. குதிரை இருந்த இடத்தில் மண் ரோடு, கொஞ்சம் புல். சின்னப்பர் இரண்டு காலும் மடங்கிக் கிடக்கிறார். ஏழுமலைக்குத் திருப்தி இல்லை. "வெறிச்சுனு கீது." நானே துணி போட்டு மூடினேன். திருவிழா அன்றுதான் திறப்பு. சாமியார் ஊர் ஊராக அலைகிறார், வந்து பார்க்கவில்லை.

வேதாகமத்தில் அந்த மூன்று இடத்திலும் அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் செருகி வைத்தேன்.

25-1, ஞாயிறு

நல்ல வெயில். வெள்ளை வேட்டி.

பூசைக்கு முன்னால் துணியை இழுத்தார்கள். ஒரு பெண்பிள்ளை: "ஐயையோ, குதிர எங்கடி?"

செ. எழுந்தார், முகம் கறுத்துப்போய். "எங்கப்பா உபயமாப் போட்ட படம்! எவன் அழிச்சது?"

"நான்தான் சார்." வேதாகமத்தை நீட்டினேன். "குதிரை எந்தப் பக்கத்துல கீதுன்னு காட்டுங்க. நானே மறுபடி வரைஞ்சு தர்றேன்."

புரட்டினார். முதல் டிக்கெட், இரண்டாவது, மூன்றாவது. கண்ணாடி மூக்கில் வழுக்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உதவவில்லை.

சாமியார் வாங்கிப் பார்த்தார். "பெரியவர் சொல்றது சரிதான். ஆனா என்னக் கேட்டிருக்கணும்." கேட்டிருந்தால் பேரவையில் வைத்திருப்பார். பேரவை என்றால் செ.

இன்றைக்கு முதல் வாசகம் செ. படிக்க வேண்டியது. தாளை பெஞ்சில் வீசினார். "குதிரைய முழுங்கனவரே படிக்கட்டும்!"

ஏறினேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த மைக். இதே கதைதான் இன்றைய வாசகம். தமஸ்கு, ஒளி, தரையில் விழுந்தார் என்ற இடம் வந்தது. கண்ணுக்குள் சுவரிலிருந்த அதே வெள்ளைக் குதிரை, முன்னங்கால் இரண்டும் தூக்கி. அதன் மேலிருந்துதான் விழுகிறார். வரி தவறிவிட்டது. அதே வரியை மறுபடி படித்தேன். மறுபடியும் குதிரை. கேட்டில் உட்கார்ந்து படித்த முப்பது வருடமும் அதுதான் நின்றிருக்கிறது.

முடித்து இறங்கினேன். முதல் பெஞ்சில் செ. தலை குனிந்தபடி. நன்றாகக் குனியட்டும். அவரிடம் இதைச் சொல்லப்போவதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இல்லை.