ஆறு நம்பர் விவகாரம்

மருமகளே,

தூங்கறே, எழுப்பலை. கண் டாக்டர்கிட்ட போறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கு. சாவி என்கிட்ட இருக்கு, எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டாம்.

நேத்து ஆஸ்பத்திரியில உங்க அம்மா பக்கத்துல இருந்து, நர்ஸோட போன்ல கூப்பிட்டே. "மாமா, என் போனை வீட்டுலயே விட்டுட்டேன். அதுல வந்திருக்கிற ஆறு நம்பரைச் சொல்லுங்க, காலேஜ் கம்ப்யூட்டருக்குள்ள போகணும்"னே. "போடி திருடி"ன்னு வெச்சுட்டேன். "திருடனுங்க என் குரல்லயே கேட்டாலும் சொல்லாதீங்க"ன்னு போன மாசம் சொன்னதே நீதானே?

நாலு மணிக்குள்ள நீ மார்க் அனுப்பலைன்னா உன் கிளாஸ் பிள்ளைங்க பரீட்சை முடிவு நின்னுபோகும்னு நான் என்ன கண்டேன்? ரெண்டு பஸ் மாறி ஓடி வந்தே. நம்ம சமையல்கட்டுல உக்காந்துகிட்டு, ஊர்க்கோடியில இருக்கிற காலேஜோட கம்ப்யூட்டர் அலமாரியைத் திறந்து, மூணு அம்பதுக்கு அனுப்பி முடிச்சே. நான் யாரையும் லேசுல மெச்சறவன் இல்லை. நீ கெட்டிக்காரி. அந்த ஆறு நம்பர் பூட்டும் கெட்டிதான், என்னை மாதிரியே ஒருத்தரையும் நம்பலை.

ஆனா நேத்துல இருந்து நீ என்கிட்ட பேசலை.

மாமா

இன்னொண்ணு: இனிமே போன்ல நம்பர் கேட்டா, நீ இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு உன்னை என்ன சொல்லித் திட்டினேன்னு கேப்பேன். அது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். சரியாச் சொன்னா நம்பரையும் தரேன், திட்டினதையும் வாபஸ் வாங்கிக்கறேன்.