ஒரே மாதிரி இரண்டு போத்தல்

குவைத்

அன்பான அம்மாவுக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். அப்பாவின் சீனி வருத்தம் இப்போது எப்படி? போனில் கமரா பழுது, அதனால்தான் வீடியோவில் வரவில்லை. லீவில் குருநகர் வரும் ஒரு பிள்ளையிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

ஒரு பகிடி நடந்தது, பயப்படாதீர்கள். ஏசிக் காற்றில் கண்ணைச் சுற்றித் தோல் வறண்டு அரித்தது. நீங்கள் தைலம் முடிந்த வெறும் போத்தலில் ஊற்றித் தந்த அந்தோனியார் கோயில் எண்ணெயை எடுத்து, செபம் சொல்லி இரண்டு கண்ணைச் சுற்றியும் பூசினேன். எரிந்தது. அந்தோனியார் சுகமாக்குகிறார் என்று நினைத்து இன்னும் பூசினேன். தடிமனில் மூக்கடைத்து மணமும் தெரியவில்லை. கூட இருக்கும் ஷெரோன்தான் ஓடி வந்து, "அடியே, உது எண்ணெய் இல்லை, தைலமடி!" என்று கத்தினாள். நான் எடுத்தது பக்கத்தில் இருந்த என் தைலப் போத்தல்.

டாக்குத்தரிடம் காட்டினோம். அந்த இடத்துத் தோல் வெங்காயச் சருகு போல மெல்லியதாம், தேய்க்கவே கூடாதாம். வீக்கம் வற்றினால்தான் மிச்சம் தெரியும் என்றார். மிச்சம் என்னவென்று நான் கேட்கவில்லை.

அம்மா, உங்கடை பழைய நூல் சேலையில் ஒரு துண்டு அனுப்புங்கள். கண்ணை ஒற்ற இங்கே துவாய் முரடு. தோய்க்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை. இனி எண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் ஒரு நூலைக் கட்டி விடுங்கள். கையால் தடவினாலே தெரியும்.

ஷெரோனுக்கு வேலைக்கு நேரமாகிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்
ஜெசிதா

கையெழுத்து வேறாக இருக்கிறதென்று யோசிக்காதீர்கள். நான் சொல்லச் சொல்ல ஷெரோன்தான் எழுதுகிறாள்.