நீ அணைக்கச் சொன்ன அடுப்பு

அன்புள்ள மகளுக்கு,

நலம். உன் நலமும் அவ்வாறே என்று நம்புகிறேன். கடிதம் கிடைத்தது. தாய்க்கு எழுதும்போதாவது தட்டச்சை விட்டுப் பேனாவை எடுத்திருக்கலாம். கான்வென்டில் சிஸ்டர்கள் என் விரலில் அடித்துப் பழக்கிய கையெழுத்தை உனக்கு நான் அடிக்காமலே கொடுத்தேன்.

நம் மாவு மில்லில் மரவள்ளிக் கிழங்குச் சீவலை உலர்த்த விறகு எரிப்பதால் காடு அழிகிறது, புகை வானத்தைச் சூடாக்குகிறது, மழை பருவம் தப்புகிறது என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா இருந்தவரை சீவல் களத்து வெயிலில்தான் காய்ந்தது. கோடையிலும் மழை கொட்டத் தொடங்கிய பிறகே நான் அந்த அடுப்பைக் கட்டினேன். நீ இருக்கும் ஊரில் ஆளுக்கொரு கார் ஓடுகிறது. அந்தப் புகைக்காக யாருடைய அம்மாவுக்குக் கடிதம் போனது என்று தெரியவில்லை.

இருந்தாலும் படித்த மகளின் சொல்லைத் தட்டவில்லை. திங்கட்கிழமை அடுப்பை அணைத்தேன். விறகு தள்ளும் பெண்களை வீட்டுக்கு அனுப்பினேன். முதலில், உன்னை வளர்த்த ஆயாவை. உன்னை இடுப்பில் சுமந்தவள் என்ற மரியாதைக்காக. "பாப்பாவா சொல்லுச்சு? அப்பச் சரியாத்தாம்மா இருக்கும்" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, "ஆனா மழைக்கு யாரும்மா லெட்டர் போடறது?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் வாய் அதிகம்.

வியாழனன்று மழை பெய்தது. களத்தில் கிடந்த சீவல் முழுவதும் பூஞ்சை பிடித்தது. உன் அறை ஜன்னலுக்குக் கீழே கொட்டச் சொன்னேன். அழுகும் குவியலிலிருந்து கிளம்பும் வாயுவும் வானத்துக்கு ஆகாது என்று போன முறை நீதான் விளக்கினாய். அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

நேற்று ஆயா வந்தாள். அடுப்பை மூட்டச் சொல்லிக் கெஞ்சினாள். அடுப்புப் புகையால் அவளுக்கு வந்த இருமலுக்காக நீ வருந்தியிருந்த பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். "இருமல் நின்னுபோச்சும்மா. வீட்ல உலை வைக்கறதும் நின்னுபோச்சு" என்றாள்.

சோறு போட்டு அனுப்பியிருக்கலாமே என்பாய். நீ அணைத்த அடுப்புக்குப் பதிலாக நான் சோறு போட்டால் உனக்கு எதுவும் விளங்காது.

"அடுப்பை மூட்டுங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. வந்த அன்றே மூட்டுகிறேன். அவளுக்கும் படித்துக் காட்டுகிறேன். பேனாவால் எழுது. தபால் எத்தனை நாள் எடுத்தாலும் அவள் காத்திருப்பாள்.

கடவுள் உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா