கெட்டுப் போகாத பிஸ்கட்

மரியாதைக்குரிய லோஜினி அப்பாவுக்கு, குவைத்துல இருந்து மீனம்மா எழுதுறது. நான் சுகம். உங்க முட்டி வலி எப்படி இருக்குங்க? தாடியை வழிச்சீங்களா, இல்ல நம்ம ஆட்டோட போட்டி போடுறீங்களா?

நான் வேலை செய்யுற வீட்டு மேடம் போனைப் பிடுங்கி வச்சிருக்கு. அதனால ஊருக்கு வர்ற கொட்டகலை ஜீவராணிகிட்ட இதைக் குடுத்து விடுறேன். பயப்படாதீங்க, சிரிக்கிற கதைதான்.

காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு, அனுப்புங்கன்னா, "நீ போனா பிள்ளைகளுக்கு அந்த பிஸ்கட்டை யாரு சுடுறது?"ன்னு கேக்குது. ஓட்ஸும் மொறுமொறு அரிசிப் பொரியும் சேர்த்துச் சுடுறது. உள்ளுக்கு மெத்துன்னு இருக்கையிலேயே எடுத்துடணும், அப்பத்தான் மிட்டாய் மாதிரி இழுபடும். என் கை ருசி எனக்கே வெனையாப் போச்சு.

சரி, கெடுத்துப்புடுவோம்னு தேயிலைத் தூள் மாதிரி காயவிட்டேன். கல்லாப் போச்சு. பிள்ளைக பாலுல முக்கித் தின்னுட்டு இன்னும் கேக்குதுக! அடுத்த தடவை உப்பை அள்ளிக் கொட்டினேன். மேடம் பக்கத்துலயே நின்னு திரும்பச் சுட வச்சுது. அன்னைக்கு குளியலறையில தண்ணியைத் தொறந்துவிட்டு, சத்தம் கேக்காம அழுதேன்.

இங்க ஏசி குளிரு நம்ம லிந்துலை குளிரு மாதிரி இல்லைங்க. யாராவது வந்தா லோஜினியோட பழைய சுவெட்டரைக் குடுத்து விடுங்க. தொவைக்க வேணாம்.

அதுக்கு முந்தி, என்னை இங்க அனுப்பின ஹட்டன் ஏஜென்சிக்குப் போங்க. என் சோத்தை வாயில வைக்க முடியலைன்னு லயத்து வீடு பூரா சொல்லுவீங்களே, "அவ சோறுதான் எனக்கு வேணும், அவளை அனுப்புங்க"ன்னு அங்க நின்னு கத்துங்க. வெக்கப்படாதீங்க.

மேடம் கார் சத்தம் கேக்குது.

உங்க மீனம்மா